ஒரு சுற்றுக்கு எத்தனை தட்டு? பழைய தூண்டில் ரீல் வாங்குகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். எனாமல் தூக்குவாளி, பர்மா அரக்குப் பெட்டி, ரசம் போன நிலைக்கண்ணாடி என்று குவிந்து கிடக்கும் இடத்தில் எப்போதாவது தூண்டில் நரம்பைச் சுற்றி இழுக்கும் ரீல் ஒன்றும் கண்ணில் படும். யாரோ ஒரு ஐயா பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்து, பெட்டகத்தில் வைத்து மறந்து, வீட்டை ஒழிக்கும்போது வெளியே வந்ததாக இருக்கும். அதைவிட அதிகமாக இப்போது கைமாறுவது, வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பிய பையன்கள் விற்கிற ரீல்கள். இரண்டில் எதை வாங்கப் போனாலும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கையில் எடுத்து, கைப்பிடியை விர்ரென்று நாலு சுற்றுச் சுற்றி, "அண்ணே, நல்லா சுத்துது" என்று பணத்தை எடுத்துவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். நான் முதலில் வாங்கிய பழைய ரீல் சுற்றிப் பார்க்கும்போது வெண்ணெய் போல ஓடியது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாயில் குத்தகைதாரரிடம் சொல்லிவிட்டுத் தவளை போட்டேன். ஒரு கிலோ சுமாருக்கு விரால் ஒன்று கடித்தது. நாலு சுற்றுக்குள் கைப்பிடி கரக், கரக் என்று தாவ ஆரம்பித்தது. விரால் தாமரைக்குள் புகுந்துகொண்டது, நரம்பு அறுந்தது. வீட்டுக்கு வந்து ரீலைத் திறந்தால் உள்ளே ஒரு கை கிரீஸ். அதை வழித்து எடுத்த பிறகுதான் தெரிந்தது, பெரிய சக்கரத்தில் இரண்டு பல் மொட்டையாகியிருந்தது. பாரம் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் எந்த ரீலும் நல்லபடியாகத்தான் ஓடும். கிரீஸை அப்பிவிட்டால் இன்னும் நன்றாக ஓடும். ஆகவே மெதுவாகச் சுற்ற வேண்டும், பாரம் வைத்துச் சுற்ற வேண்டும், சுற்றும்போது எண்ண வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

நான் இங்கே பேசுவது பெரும்பாலும் ஸ்பின்னிங் ரீல் பற்றி. கம்புக்கு அடியில் தொங்கும், முன்னால் ஒரு வளைகம்பி திறந்து மூடும், அந்த வகை. தச்சரிடம் பழைய கை டிரில் பார்த்திருப்பீர்கள். பெரிய பல்சக்கரத்தைக் கைப்பிடியால் சுற்றினால், அதற்குச் செங்குத்தாக நிற்கும் சின்னப் பல்சக்கரம் வேகமாகச் சுழன்று முனையைத் திருப்பும். ரீலும் ஏறக்குறைய அதே சங்கதிதான். கைப்பிடியோடு சேர்ந்து சுற்றுவது பெரிய கியர். அதோடு கோத்துக்கொண்டு சுழலும் சின்னது பினியன். பினியன் தலையில் ரோட்டர் உட்கார்ந்திருக்கிறது. ரோட்டர் சுற்றிச் சுற்றி நரம்பை ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், ஏற்றுகிறது. டிரில்லுக்கும் ரீலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரீலில் பினியன் பெரிய சக்கரத்தின் நடுக்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நிற்கும். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. வழுக்குகிற இடத்தில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். கிரீஸ் வற்றினால் சீக்கிரமே வரும்.

இதற்கு மேல் ஸ்பூலை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு தனி அமைப்பு, கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்க ஒரு கிளட்ச், அங்கங்கே சில பேரிங். கரகரப்பு இவற்றில் எதிலிருந்தும் வரலாம். பேரிங் போயிருந்தால் சின்னச் செலவோடு முடியும். கியர் போயிருந்தால் பல சமயம் ரீலே போன மாதிரி. எது போயிருக்கிறது என்று பிரித்து அறிவதுதான் மொத்த வேலையும்.

ரீல் உலகில் பெரிய பெயர்கள் இரண்டு எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலே பல்சக்கரத்தின் மதிப்பு தெரிந்துவிடும். ஸ்வீடனின் ஏபியூ 1921-இல் கடிகாரத் தொழிலுக்காகத் தொடங்கிய கம்பெனி. அதே 1921-இல் ஜப்பானின் சகாய் நகரத்தில் தொடங்கிய ஷிமானோ முதலில் செய்தது சைக்கிள் ஃப்ரீவீல். இருவருமே பல் வெட்டிப் பழகிவிட்டுத்தான் தூண்டிலுக்கு வந்தார்கள்.

கடையில் நின்றபடியே

முதலில் திருகுகளைப் பாருங்கள். தலை வழுக்கி, ஓரம் சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது குற்றமில்லை. சரியான ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் திறந்தவர் உள்ளே வாஷரை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று நம்ப முடியாது. அடுத்து, கம்பில் பொருத்துகிற கால் பகுதியிலும் கைப்பிடி உள்ளே போகிற துவாரத்தைச் சுற்றியும் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போய் வந்து கழுவாமல் வைத்த ரீல். கண்மாயில் மட்டும் பயன்பட்டதற்கு அப்படி வராது.

பிறகு ஸ்பூலை நரம்போடு கழற்றித் தரச் சொல்லுங்கள். நடுவில் நிற்கும் தண்டு நேராக இருக்கிறதா? ரோட்டரை மெதுவாகச் சுற்றி, தண்டின் நுனியைப் பாருங்கள். முன்னும் பின்னும் போகும் நுனி நேர்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகினால் தண்டு வளைந்திருக்கிறது. வளைந்த தண்டு பினியனின் உள்பக்கத்தை உரசும். அதைக் கியர்க் கோளாறு என்று நினைத்துப் பலர் அலைகிறார்கள்.

இது வரைக்கும் ஐந்து நிமிடம். வெயிலில் நிற்க வேண்டாம், உள்ளே நிழலில் உட்காருங்கள். அடுத்த வேலைக்கு அமைதியும் வேண்டும், பக்கத்தில் மிக்ஸி ஓடாமலும் இருக்க வேண்டும்.

மெதுவாகச் சுற்றுவது

ரீலின் காலை இடது கையில் பிடித்து, உடம்புப் பகுதி உள்ளங்கையில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். காதைவிடக் கை நன்றாகக் கேட்கும். கைப்பிடியை ஒரு சுற்றுக்கு ஐந்து நொடி எடுத்துக்கொள்கிற மாதிரி மெதுவாகத் திருப்புங்கள். வேகத்தில் சுற்றும்போது ரோட்டரின் எடையே சக்கரம் போல இழுத்துக்கொண்டு ஓடி எல்லாக் குறையையும் மறைத்துவிடும். மெதுவாகத் திருப்பினால் ஒவ்வொரு பல்லும் கையில் வந்து போகும்.

இப்போது கையில் என்ன மாதிரி தெரிகிறது என்று கவனியுங்கள். மணல் விழுந்த அம்மி போல, எந்தத் தாளமும் இல்லாமல் தொடர்ந்து நறநறவென்று இருந்தால் பெரும்பாலும் பேரிங். ஈரம் புகுந்து துருப்பிடித்ததாக இருக்கும். டக்... டக்... என்று இடைவெளி விட்டு, ஒரு கணக்கோடு வந்தால் அது சுற்றுகிற பாகத்தில் ஓரிடத்தில் உள்ள அடி. கணக்கோடு வருவது எல்லாம் நமக்கு நல்ல செய்தி, ஏனென்றால் எண்ணலாம்.

எண்ணுவது

ரீலின் மேல் 5.2:1 அல்லது 6.2:1 என்று எழுதியிருக்கும். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் ரோட்டர் 5.2 சுற்றுச் சுற்றும் என்று பொருள். எழுத்து அழிந்துபோன பழைய ரீல் என்றால் ரோட்டரில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்து, கைப்பிடியைப் பத்துச் சுற்றுத் திருப்பி, பொட்டு எத்தனை முறை கடந்தது என்று எண்ணிப் பத்தால் வகுங்கள். நகப்பூச்சு வேண்டாம், விற்கிறவர் சண்டைக்கு வருவார்.

இனிக் கைப்பிடியைக் கீழே நேராகத் தொங்கும் நிலையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு சுற்று மெதுவாகத் திருப்பி எத்தனை தட்டு வருகிறது என்று எண்ணுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரே தட்டு, அதுவும் கைப்பிடி ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரும்போது விழுந்தால், பெரிய கியரில் ஒரு பல் அடிபட்டிருக்கிறது. அந்தப் பல் ஒரு சுற்றில் ஒரே தடவைதான் பினியனைச் சந்திக்கும். அதனால்தான் ஒரு தட்டு. கடிகார முள் போல எண்ணி, "நாலு மணிக்குத் தட்டுது" என்று குறித்துக்கொண்டால் திறந்த பிறகு தேடுவதும் சுலபம்.

ஒரு சுற்றுக்கு ஐந்து, ஐந்தே கால் தட்டு வந்தால், அதாவது ரோட்டரின் சுற்றுக்கு ஒன்றாக வந்தால், கோளாறு பினியனில். அல்லது பினியனைத் தாங்கும் பேரிங்கில் ஓரிடத்தில். இதில் கைப்பிடியின் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்துகொண்டே போகும். சுண்ணாம்புப் பொட்டு மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் அதே இடத்தில் நிற்கும். அதை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

சில சமயம் லேசான தட்டு தொடர்ந்து வரும். பல சுற்றுக்கு ஒருமுறை மட்டும் பெரிதாக ஒன்று விழும். இது கொஞ்சம் நுணுக்கமான இடம். பெரிய கியரில் 47 பல், பினியனில் 9 பல் என்று வைத்துக்கொள்வோம். 47-ஐ 9-ஆல் வகுத்தால் 5.22. வேண்டுமென்றேதான் மீதி வருகிற மாதிரி எண்ணிக்கை வைக்கிறார்கள். சரியாக ஐந்துக்கு ஒன்று என்று வைத்தால் அதே பல் அதே பல்லோடு ஒவ்வொரு சுற்றிலும் மோதி, ஓரிடமே தேய்ந்துகொண்டிருக்கும். மீதி இருந்தால் ஒரு குறிப்பிட்ட ஜோடி மறுபடி சந்திக்கக் கைப்பிடி ஒன்பது சுற்றுச் சுற்ற வேண்டும். ஆகவே ஒன்பது சுற்றுக்கு ஒருமுறை பெரிய தட்டு என்றால், இரண்டு சக்கரத்திலும் அடிபட்ட பல் இருக்கிறது, அவை ஒன்றையொன்று சந்திக்கும் நேரம் அது. அப்படி ஒரு ரீலை நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். எண்ணாமல் இருந்திருந்தால் "எப்பவாவது சத்தம் வருது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்பூல் முன்னும் பின்னும் போகிறதே, அதன் அமைப்பும் தட்டும். தட்டு விழும் நேரத்தில் ஸ்பூல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முழுக்க மேலே ஏறித் திரும்பும் இடத்திலோ, முழுக்கக் கீழே இறங்கித் திரும்பும் இடத்திலோ மட்டும் விழுந்தால் அது கியர்ப் பல் இல்லை, ஸ்பூல் தண்டைத் தள்ளுகிற பாகத்தில் உள்ள ஆட்டம். விலை குறைந்த ரீல்கள் சிலவற்றில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூலும் ஒருமுறை ஏறி இறங்கிவிடும். அப்போது இரண்டும் ஒரே கணக்கில் வந்து குழப்பும். அதற்கு வழி இருக்கிறது. ஸ்பூலை விரலால் லேசாக மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று, கீழ்நோக்கி அழுத்தியபடி ஒரு சுற்று. அழுத்தத்துக்குத் தக்கபடி தட்டு குறைந்தாலோ மறைந்தாலோ அது ஸ்பூல் தண்டின் ஆட்டம். எப்படி அழுத்தினாலும் அதே தட்டு அதே பலத்தோடு விழுந்தால் கியர்.

பின்னோக்கிச் சுற்றுவதையும் விட்டுவிடாதீர்கள். அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தால் அதைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மீன் இழுக்கும்போது பல்லின் ஒரு முகம்தான் எப்போதும் பாரம் தாங்குகிறது. மறுமுகம் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். முன்னோக்கிச் சொரசொரப்பு, பின்னோக்கி வழவழப்பு என்றால் பல் முகம் தேய்ந்துவிட்டது என்று கிட்டத்தட்ட முடிவே கட்டலாம். பேரிங் கோளாறாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இப்போது வருகிற பல ரீல்களில் இந்த நெம்புகோலே கிடையாது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை, அடுத்த சோதனைக்குப் போக வேண்டியதுதான்.

பாரம் வைத்து

கடையில் என்றால் எளிய வழி. ரோட்டரின் மேல் ஒரு விரலை வைத்து லேசாகத் தடுத்தபடி கைப்பிடியைத் திருப்புங்கள். சும்மா சுற்றும்போது ஒளிந்திருந்த கரகரப்பு, தடை வைத்ததும் எழுந்து வந்தால் கியர்மேல் சந்தேகம் வலுக்கிறது. சும்மா சுற்றினாலும் தடை வைத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் பேரிங்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்க விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. மாடியில் நின்று, வளவுக்குள் பாட்டிலை இறக்கி, கம்பைக் கிடையாகப் பிடித்து, டிராக்கை (நரம்பு வழுக்கி வெளியேறாமல் பிடிக்கும் பிரேக்கை) இறுக்கி மெதுவாக மேலே ஏற்றுங்கள். நான் இப்படிச் செய்ததைப் பார்த்த எங்கள் ஆயா, "கிணத்துல வாளி இருக்கறப்ப இது எதுக்குடா" என்றார். பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு கிலோ பாரத்தில் தேய்ந்த கியர் பொய் சொல்ல முடியாது. கைப்பிடியில் அதிர்வு வரும். மிக மோசமாக இருந்தால் பல் தாவும். ஒரு கிலோ போதும். பலம் பார்க்கிறேன் என்று செங்கல்லைக் கட்டாதீர்கள். நல்ல ரீலையும் கெடுத்துக் கொடுப்பீர்கள்.

பாட்டில் சோதனையில் ஒரு எச்சரிக்கை. வளைகம்பியின் ஓரத்தில் நரம்பு ஓடுகிற சின்ன உருளை இருக்கிறது. நரம்பில் பாரம் இருக்கும்போது மட்டும்தான் அது சுழலும். அது இறுகிப்போயிருந்தால் பாரம் வைத்தவுடன் கீச்சென்று சத்தம் வரும், பயந்துவிடுவீர்கள். நரம்பு இல்லாமல், ரோட்டரில் விரலை வைத்துச் சுற்றும்போது அந்தச் சத்தம் இல்லை என்றால் குற்றவாளி அந்த உருளைதான். இரண்டு சொட்டு எண்ணெயில் சரியாகிவிடும்.

ஆட்டம்

கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, "ப்ளே இருக்கு, கியர் போச்சு" என்று சொல்கிறவர்கள் நிறைய. பாதி நேரம் அது தப்பு. ஆட்டம் மூன்று இடத்திலிருந்து வரும்: கைப்பிடி பொருந்துகிற இடம், பின்சுற்றுத் தடுப்பு, கியர்.

கைப்பிடியை முதலில் இறுக்குங்கள். எதிர்ப்பக்கத் திருகைத் திருகி இறுக்குகிற வகை என்றால் பாதி ஆட்டம் அங்கேயே அடங்கிவிடும். பிறகு ரோட்டரைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு கைப்பிடியை ஆட்டுங்கள். இப்போது தெரிவதுதான் கியர்ப் பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம். கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். சுத்தமாக இல்லையென்றால் பற்கள் இறுகி உறுமும். கைப்பிடியின் குமிழ் ஒரு அரிசி நீளம் அசைந்தால் கவலையில்லை. விரல் அகலத்துக்கு அசைந்து, இரண்டு முனையிலும் கட் கட் என்று இடித்தால் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது முன்பு திறந்தவர் ஒரு மெல்லிய வாஷரைத் தொலைத்திருக்கிறார். ரோட்டரை விட்டுவிட்டு ஆட்டும்போது மட்டும் அதிகமாக அசைந்தால் அது தடுப்புக் கிளட்சின் கதை. முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைப்பது போன்ற பழைய ரீல்களில் பல்லும் நாக்குமாக உள்ள தடுப்புதான் இருக்கும். நாக்கு அடுத்த பல்லில் விழும்வரை கைப்பிடி பின்னால் போகத்தான் செய்யும். அது அமைப்பே அப்படி.

திறப்பது

வாங்கியாயிற்று, அல்லது திறந்து பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. வெள்ளைத் துணி விரித்து, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வழவழ ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் உட்கார்ந்து இந்த வேலை செய்யாதீர்கள். பூப்போட்ட தரையில் சிந்திய வாஷரைத் தேடி நான் ஒரு மத்தியானம் முழுவதும் தவழ்ந்திருக்கிறேன். ஜப்பான் ரீல் என்றால் நட்சத்திரத் திருகின் வெட்டு நம் ஊர் ஸ்க்ரூடிரைவரிலிருந்து கொஞ்சம் மாறுபடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) என்று கேட்டு வாங்குங்கள். பொருந்தாததை வைத்து அழுத்தினால் திருகுத் தலை வழுக்கிவிடும்.

ஒவ்வொன்றைக் கழற்றும்முன் ஒரு போட்டோ. கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாகத் தட்டில் வையுங்கள். கைப்பிடியைக் கழற்றி, பக்கவாட்டு மூடியின் திருகுகளை எடுத்து, மூடியை மெல்லத் தூக்குங்கள். பெரிய கியரின் தண்டில் காகிதம் போல மெல்லிய வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஷிம் என்று பெயர். அது எந்தப் பக்கம், எத்தனை இருந்தது என்பதை எழுதியே வையுங்கள். கியரும் பினியனும் எவ்வளவு ஆழமாகக் கோத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த வாஷர்தான்.

கழுவுவதற்கு முன் கிரீஸைப் பாருங்கள். அது ஒரு ஜாதகம். தங்கப்பொடி போல மினுங்கினால் பித்தளை உதிர்ந்திருக்கிறது, பல ரீல்களில் பினியன் பித்தளைதான். சாம்பல் நிறத்தில் வெள்ளிப்பொடி மினுங்கினால் பெரிய கியரின் அலுமினியமோ துத்தநாகக் கலவையோ உதிர்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெறும் பழுப்பாகக் காய்ந்திருந்தால் வயசாகிவிட்டது, அவ்வளவுதான். கண்ணைப் பறிக்கும் புதுக் கிரீஸ் நிறைய இருந்தால் என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. அலுமினியக் கியர், பித்தளைப் பினியன், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு வேறு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைந்துபோவது அலுமினியம். நம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பேட்டரியையும் உலோக அரிப்பையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்வது இதனால்தான். இரண்டுக்கும் வேதியியல் ஒன்று. கடலுக்குக் கொண்டுபோன ரீலில் பல்லின் அடியில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருந்தால் அது தேய்மானம் இல்லை, அரிப்பு. கழுவினால் பொடி போகும், குழி போகாது.

பற்களைப் படிப்பது

மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். பெயின்ட் தின்னர் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக் பாகம் உருகிவிடும். நன்றாகத் துடைத்து, காலை வெயிலில், கண்ணாடி லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

நல்ல பல்லின் முகத்தில் நடுவே மெருகேறிய ஒரு பட்டை இருக்கும். எல்லாப் பல்லிலும் அது ஒரே அகலத்தில் இருக்கும். அது தேய்மானம் இல்லை, பழகிய அடையாளம். மெருகு பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் கியர் தன் இடத்தில் உட்காரவில்லை; ஷிம் தவறிப் போயிருக்கலாம், பேரிங் தளர்ந்திருக்கலாம். இந்த நிலையில் பிடித்தால் காப்பாற்றிவிடலாம். முகத்தில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டும்போது படிக்கட்டு மாதிரி ஒரு வரம்பில் நகம் தட்டினால் தேய்மானம் உறுதி. பல்லின் நுனி தட்டையாக இல்லாமல் கத்தி போலக் கூர்மையாக இருந்தால் மிகவும் தேய்ந்துவிட்டது, இனி அது ஒடியத்தான் போகிறது. "நாலு மணி" என்று குறித்து வைத்தீர்களே, அந்த இடத்துக்கு நேரே உள்ள பல்லைத் தேடுங்கள். ஒரு மணல் துகள் நசுங்கிய தழும்பு மட்டும் இருந்தால், மேலெழும்பிய பிசிறை மிக மெல்லிய உப்புத்தாளால் நீவிவிடலாம். அதற்கு மேல் பல்லை ராவ வேண்டாம். லேத்துப் பட்டறையில் கொடுத்துப் பல் வெட்டித் தரச் சொல்வதும் வீண் ஆசை. இந்தப் பல்லின் வளைவு சாதாரணக் கட்டரில் வராது.

ஆட்டத்தைக் குறைக்க ஒரு ஷிம் கூடுதலாகப் போடலாம் என்று சொல்வார்கள். 0.05 மில்லிமீட்டர், 0.1 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும். தொலைந்த ஷிம்முக்குப் பதிலாகப் போட்டால் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் படி விழுந்த பல்லுக்கு ஷிம் போட்டால், பழைய படி புது இடத்தில் மோதி முன்பைவிட அதிகமாக உறுமும்.

மாற்றுவதா, விடுவதா?

பேரிங் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரால் அளந்து கொண்டுபோனால் பேரிங் கடைகளில் கிடைக்கும். கியர் என்றால் ரீலின் காலில் பொறித்திருக்கும் மாடல் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். கிடைத்தால் பெரிய கியரையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய பெரிய கியருக்குப் புதுப் பினியனைக் கட்டி வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் சத்தம் போட்டுக்கொண்டேயிருக்கும், புதுசும் சீக்கிரம் தேயும். ஜோடியின் விலை அதே மாதிரிப் புது ரீலின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் தொடமாட்டேன். ஐயாவின் ரீல், வீட்டு ஞாபகம் என்றால் அது வேறு கணக்கு.

கண்மாயில் ஜிலேபி, கெண்டை மட்டும் பிடிக்கிறவருக்கு லேசான கரகரப்புள்ள ரீல் பல வருஷம் வரும். அதையே காரணம் காட்டி விலையைக் குறைத்து வாங்குங்கள். விராலுக்கும் கடலுக்கும் அது வேண்டாம். பாறை மீன் ஒன்று இழுக்கும்போது தேய்ந்த பல் தாங்காது.

கம்பின் மேல்பக்கம் உட்காரும் பெய்ட்காஸ்டர் வகைக்கு இரண்டே குறிப்பு. பொத்தானை அழுத்தி ஸ்பூலைத் தனியாகச் சுழல விடுங்கள். அப்போதும் நறநறத்தால் ஸ்பூல் பேரிங். கியர் அந்த நேரத்தில் ஸ்பூலோடு கோத்திருக்காது. கோத்த பிறகு, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தித் தடுத்துச் சுற்றும்போது தாவினால் பல் தேய்மானமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பினியனின் தலையில் ஸ்பூலைக் கவ்வும் வெட்டு மழுங்கியிருக்கலாம், அதைத் தள்ளும் சின்ன ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் மலிவு.

மூடும்போது கியர்ப் பற்களில் கிரீஸை மெல்லப் பூசினால் போதும், அப்ப வேண்டாம். பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேக்குக் கதவின் பெரிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகிய கை நமக்கு. ரீலுக்கு அது ஆகாது, நாளாக ஆகப் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். பின்சுற்றைத் தடுக்கும் உருளைக் கிளட்சுக்குள் கிரீஸ் படவே கூடாது. பட்டால் கைப்பிடி பின்னோக்கி வழுக்கும். நல்ல கியரை வைத்துக்கொண்டு மறுபடி ரீலைத் திறந்துகொண்டு உட்காருவீர்கள்.

திருகுகளை ஒரேயடியாக ஒன்றை இறுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து இறுக்குங்கள். அப்புறம் கைப்பிடியைக் கீழே தொங்கவிட்டு, ஐந்து நொடிக்கு ஒரு சுற்று, மறுபடி எண்ணுங்கள். தட்டு அப்படியே இருந்தால், தட்டில் ஒரு வாஷர் மிச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள்.